பிள்ளை மயங்கி விழுந்துட்டா: விழுந்த நிமிஷத்துலேர்ந்து காரணம் தெரியுற வரைக்கும், வரிசையா

குழந்தைங்க ஓபில உக்காந்து பல வருஷமா ஒரே காட்சியைத்தான் பாக்குறேன். அம்மா கையில பெரிய சிடி ஸ்கேன் கவர் இருக்கும், ரத்த டெஸ்ட் நாலு பக்கம் இருக்கும், ஆனா "விழுறதுக்கு முன்னாடி பையன் நின்னுட்டு இருந்தானா, ஓடிட்டு இருந்தானா"ன்னு கேட்டா "அது ஸ்கூல்ல நடந்துச்சு மேடம், எங்களுக்கு தெரியாது"ம்பாங்க. பிள்ளைங்க மயக்கத்துல காரணம் பெரும்பாலும் அந்த பதில்லதான் இருக்கு, ஸ்கேன் கவர்ல இல்ல. அதனாலதான் வரிசையா எழுதுறேன், வரிசை மாறினா காசும் போகும் நாளும் போகும், சில சமயம் நிஜமாவே ஆபத்தானது கண்ணு முன்னாடியே தப்பிச்சு போயிரும்.

இங்க மயக்கம்னு நான் சொல்றது, திடீர்னு நினைவு போயி உடம்பு துவண்டு விழுந்து, ஒரு நிமிஷம் போல ஆனதும் அதுவா தெளியுறது. மூளைக்கு போற ரத்தம் கொஞ்ச நேரம் குறையுறதால வர்றது. தலை சுத்துச்சு ஆனா நினைவு இருந்துச்சுன்னா அது வேற கணக்கு. விழுந்து 2 நிமிஷம் தாண்டியும் நினைவு வரலைன்னா அதையும் இதுன்னு நினைச்சு காத்திருக்காதீங்க, அது நேரா எமர்ஜென்சி.

1. முன்கூட்டியே தயாரா இருக்க வேண்டியது

வீடோ ஸ்கூலோ, ராத்திரியும் இசிஜி எடுக்குற ஆஸ்பத்திரி பக்கத்துல எது இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. பிள்ளைக்கு சுகர், வலிப்பு, இதயத்துல பிரச்சனை இப்படி ஏதாவது இருந்தா அதையும் தினமும் சாப்பிடுற மாத்திரை பேரையும் ஒரு சீட்டுல எழுதி ஸ்கூல் பேக்ல போட்டு வைங்க. சுகர் பிள்ளைன்னா க்ளூக்கோமீட்டரும் கூடவே இருக்கணும்.

அப்புறம் குடும்பக் கதை. இதை ஆஸ்பத்திரில உக்காந்து யோசிச்சா வராது, பாட்டிக்கு போன் போட்டு கேட்டுத்தான் வாங்கணும். என்ன கேக்கணும்னு 6வதுல சொல்றேன்.

2. விழுந்த உடனே தூக்காதீங்க, படுக்க வைங்க

சாதாரண மயக்கத்துல பிபியும் நாடித்துடிப்பும் சட்டுனு இறங்கி ரத்தம் கால்ல தேங்கிடுது. கீழ விழுறதே உடம்பு தன்னை சரி பண்ணிக்கிற வழிதான், படுத்தா தலைக்கு ரத்தம் வந்துரும். நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னா ரெண்டு பேரா கக்கத்துல கை கொடுத்து தூக்கி சேர்ல உக்கார வச்சுடுறாங்க, தலை மேல போனதும் ரத்தம் மறுபடி இறங்குது, கை கால் வெட்டி இழுக்க ஆரம்பிக்குது, "ஐயோ வலிப்பு"ன்னு ஒருத்தர் கத்துறாரு, அந்த வார்த்தை அப்படியே சீட்டுல ஏறிடுது.

மல்லாக்க படுக்க வச்சு கால் ரெண்டையும் ஒரு அடி உயரத்துக்கு தூக்கி வைங்க, ஸ்கூல் பேக்கே போதும். டை, பெல்ட்டை தளர்த்துங்க. வாந்தி வந்தா ஒருக்களிச்சு படுக்க வைங்க. முழுசா தெளியுற வரைக்கும் வாயில தண்ணி, சோடா, காபி எதுவும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். இரும்பு சாவியை கையில திணிக்கிறது, வெங்காயம் மோக்க வைக்கிறது எதுவும் வேணாம். அதுவா தெளியப்போற மயக்கம், தெளியுற நேரத்துல யார் கையில சாவி இருந்துச்சோ அவருக்கு பேர் கிடைச்சுடுது, அவ்ளோதான் விஷயம்.

படுக்க வச்ச கையோட மார்பு ஏறி இறங்குதான்னு பாருங்க, 10 செகண்டுக்கு மேல எடுத்துக்காதீங்க. தட்டிக் கூப்பிட்டாலும் அசைவில்ல, மூச்சில்ல, இல்ல மீன் வாய் திறக்குற மாதிரி விட்டு விட்டு ஏங்குதுன்னா இதயம் நின்னுருக்குன்னு வச்சுக்கிட்டு ஒருத்தர் 108க்கு அடிங்க, இன்னொருத்தர் நடு மார்புல அழுத்த ஆரம்பிங்க. நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, மார்போட உயரத்துல மூணுல ஒரு பங்கு ஆழம், தெரிஞ்சவங்களா இருந்தா 30 அழுத்தத்துக்கு 2 தடவை வாய்வழி மூச்சு. மூச்சு இருக்கு ஆனா 2 நிமிஷம் தாண்டியும் கண்ணு முழிக்கலைன்னாலும் 108தான்.

தெளிஞ்சதும் துள்ளி எழுந்திருக்க விடாதீங்க. பத்து நிமிஷம் படுத்திருக்கட்டும், அப்புறம் உக்காரட்டும், அப்புறம் நிக்கட்டும். ரெண்டாவது தடவை விழுந்து பல்லு உடைச்சுக்கிட்டு வர்றதெல்லாம் இந்த இடத்துலதான்.

3. நேரம் பாருங்க

"பத்து நிமிஷம் பேச்சு மூச்சில்லாம கிடந்தான்"னு சொல்வாங்க, தோண்டிக் கேட்டா 40 செகண்ட் இருக்கும். பயத்துல நேரம் நீளும், அது யார் தப்பும் இல்ல. ஆனா அரை நிமிஷமா அஞ்சு நிமிஷமாங்கிறதுலதான் மயக்கமா வலிப்பாங்கிறது பாதி தெரியும். பிள்ளை பத்திரமா படுத்திருக்கு, பக்கத்துல ஆள் இருக்குன்னா இன்னொருத்தர் போன்ல வீடியோ எடுங்க, முகமும் கை காலும் தெரியுற மாதிரி. நான் அந்த வீடியோவை எந்த ஸ்கேனையும் விட மதிப்பேன். எடுத்ததை டாக்டர்கிட்ட மட்டும் காட்டுங்க, ஸ்கூல் வாட்ஸ்ஆப் குரூப்ல போடாதீங்க, அந்தப் பிள்ளை மறுநாள் ஸ்கூலுக்கு வரணும்.

4. பார்த்தவங்ககிட்ட அன்னைக்கே எழுதி வாங்குங்க

இதுதான் முழு வேலையோட மையம், இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க. பிள்ளைக்கு விழுந்தது ஞாபகம் இருக்காது, அப்பா அம்மா அங்க இல்ல, பார்த்தது பக்கத்துல நின்ன பிள்ளையும் பிடி சாரும்தான். நாலு நாள் கழிச்சு கேட்டா கதை மாறியிருக்கும். அதனால அன்னைக்கே போன்ல கேட்டு மூணு பாகமா எழுதுங்க.

விழுறதுக்கு முன்னாடி: நின்னுட்டு இருந்தாளா, உக்காந்திருந்தாளா, படுத்திருந்தாளா, ஓடிட்டு இருந்தாளா. வெயிலா, கூட்டமா. காலையில சாப்பிட்டாளா. ஊசி, ரத்தம், அடி, சண்டை ஏதாவதா. முக்கியமா, அவளுக்கு முன்கூட்டி தெரிஞ்சுதா. "கண்ணு இருட்டிட்டு வந்துச்சு", "பூச்சி பூச்சியா தெரிஞ்சுது", "காது அடைச்சுக்கிச்சு", "குப்புனு வேர்த்துது", "கொமட்டுச்சு" இதுல ரெண்டு மூணு சேர்ந்து வந்து, நின்ன இடத்துல விழுந்தான்னா சாதாரண மயக்கமா இருக்கவே வாய்ப்பு அதிகம். பிள்ளைங்க மயக்கத்துல பெரும்பங்கு இந்த வகைதான், வயசுக்கு வர்ற பருவத்துல ரொம்ப ஜாஸ்தி, அதுலயும் பொண்ணுங்க கூடுதல்.

விழுந்தப்போ: மொகம் வெளுத்துதா, நீலம் பாஞ்சுதா. கண்ணு திறந்திருந்துச்சா மூடியிருந்துச்சா. துவண்டு சரிஞ்சாளா, மரம் சாயுற மாதிரி விறைச்சு விழுந்தாளா. துடிப்பு இருந்துச்சுன்னா விழுந்த பிறகா, நிக்கும்போதே ஆரம்பிச்சுதா.

தெளிஞ்ச பிறகு: உடனே ஆளை அடையாளம் தெரிஞ்சுதா, இல்ல அரை மணி நேரம் பேந்த பேந்த முழிச்சாளா.

ஒண்ணு சொல்றேன். ஒன்பதாவது படிக்கிற பொண்ணு, மூணு தடவை வீட்டுலயே விழுந்துருக்கா, மூணும் காலை எட்டு மணிக்குள்ள. தலை ஸ்கேன் ஆச்சு, திருஷ்டி கழிச்சாச்சு, மந்திரிச்சு கயிறும் கட்டியாச்சு. "அந்த நேரத்துல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க"ன்னு அம்மாவை கேட்டேன். "நானா, நான் அவளுக்கு தலை பின்னிட்டு இருந்தேன் மேடம்"னாங்க. மூணு தடவையுமே அதேதான். வெறும் வயிறு, நின்ன வாக்குல, ஈரத் தலையை இழுத்து இழுத்து சிக்கெடுக்குறது. இது பொண்ணு பிள்ளைங்களுக்கு வர்றது தெரிஞ்ச சமாச்சாரம்தான், தலைமுடி இழுக்குறதே தூண்டுதல். உக்கார வச்சு, ஏதாவது சாப்பிட வச்சு பின்னுங்கன்னு சொன்னேன். அந்த ஒரு கேள்வியை முதல்லயே யாராவது கேட்டிருந்தா ஸ்கேன் காசு மிச்சம்.

5. மயக்கமா, வலிப்பான்னு பிரிக்கிறது

கை கால் வெட்டினாலே வலிப்புன்னு நினைக்கிறதுதான் பெரிய தப்பு. சாதாரண மயக்கத்துலயும் விழுந்த பிறகு சில செகண்ட் வெட்டி இழுக்கும், கண்ணு மேல சொருகும், ஒண்ணுக்கு கூட போயிரும். அதனால டிரவுசர் நனைஞ்சுதாங்கிறதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

வலிப்பு பக்கம் காட்டுறது எதுன்னா, ஒரு நிமிஷத்துக்கு மேல ஒரே தாளத்துல வெட்டுறது, தலை ஒரு பக்கமா திரும்பிக்கிறது, நாக்கோட ஓரத்தை கடிச்சுக்கிறது, மொகம் நீலமாகுறது, முடிஞ்ச பிறகு ரொம்ப நேரம் குழப்பமா இருக்குறது. வெளிறிப் போயி, வேர்த்து, சில செகண்ட் மட்டும் துடிச்சு, ஒரு நிமிஷத்துல "நான் ஏன் கீழ கிடக்குறேன்"னு கேட்டா மயக்கம் பக்கம்.

மூணாவது ஒண்ணும் இருக்கு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு பத்து இருவது நிமிஷம் கிடக்குறது, ஒரே நாள்ல நாலஞ்சு தடவை வர்றது, பெருசா அடியே படாம இருக்குறது. இது மனசுல இருக்குற சுமை உடம்பு வழியா வெளிய வர்றது. "நடிக்கிறா"ன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க, நடிப்பு இல்ல. அந்தப் பிள்ளைகிட்ட தனியா, அம்மா அப்பாவை வெளிய அனுப்பிட்டு பேசணும், பரீட்சையா, வீட்டுல சண்டையா, யாராவது தப்பா நடந்துக்கிறாங்களான்னு.

6. இதயத்தை நினைக்க வைக்கிற அடையாளங்கள்

இதய மயக்கம் எண்ணிக்கையில கொஞ்சம்தான். ஆனா உயிரை எடுக்குறது அதுதான், அதனால டாக்டர் மனசுல முதல்ல ஓடுறது இந்த லிஸ்ட்தான். இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி, இசிஜி, இதய டாக்டர் சொல்ற வரைக்கும் ஓட்டம், நீச்சல், விளையாட்டு எதுவும் கிடையாது.

ஓடிட்டு இருக்கும்போதே விழுந்தது. இதை நல்லா கேட்டுக்கோங்க, ஓட்டம் முடிஞ்சு கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு மூச்சு வாங்கும்போது விழுறது பெரும்பாலும் சாதாரணமானது, ஓட்டத்துக்கு நடுவுல விழுறது அப்படி இல்ல. இதய தசை தடிச்சுப் போற வியாதி, பெருந்தமனி வால்வு சுருக்கம், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் பிறவியிலேயே தப்பான இடத்துலேர்ந்து கிளம்புறது, இதெல்லாம் இப்படித்தான் தலை காட்டும். ரெண்டையும் ஒண்ணா எழுதி "விளையாடும்போது விழுந்தான்"னு அனுப்பினா எங்களுக்கு ஒண்ணும் புரியாது.

எந்த முன்னறிவிப்பும் இல்லாம பேசிட்டு இருக்கும்போதே விழுறது, படுத்திருக்கும்போது மயங்குறது, விழுறதுக்கு முன்னாடி நெஞ்சு படபடன்னு அடிச்சதா பிள்ளை சொல்றது, நெஞ்சு வலி. தண்ணிக்குள்ள நீந்தும்போது மயங்குறது. அலாரம், பட்டாசு, போன் மணி மாதிரி திடீர் சத்தத்துக்கு மயங்கி விழுறது. இந்த நீச்சல், சத்தம், ஓட்டம், பயம் சமாச்சாரமெல்லாம் இதயத்தோட மின்சார ஓட்டத்துல வர்ற கோளாறாலயும் இருக்கலாம், நீள க்யூடின்னு சொல்ற வியாதி அதுல ஒண்ணு. பிறவியிலேயே காது கேக்காத பிள்ளை மயங்கினா இதை நினைச்சே ஆகணும், ரெண்டும் சேர்ந்து வர்ற பரம்பரை வகை இருக்கு.

குடும்பக் கதையை கேக்கும்போது "யாருக்காவது இதய நோய் இருக்கா"ன்னு கேட்டா "இல்லீங்க"ன்னுதான் வரும். இப்படி கேளுங்க: நம்ம வீட்டுல யாராவது 40 வயசுக்குள்ள திடீர்னு செத்திருக்காங்களா, தூக்கத்துலயே போனாங்களா, நல்லா நீச்சல் தெரிஞ்ச பையன் கிணத்துல முழுகி போனானா, தொட்டில்ல குழந்தை காரணமே தெரியாம செத்துச்சா, யாருக்காவது ரொம்ப நாளா வலிப்பு மாத்திரை ஓடுதா. நம்ம ஊர்ல இவ்ளோ விஷயமும் "காத்து கருப்பு", "விதி"ங்கிற பேர்ல ஒளிஞ்சு கிடக்கும். அப்பா அம்மா சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்களான்னும் சொல்லிருங்க, யாரும் குத்தம் சொல்ல கேக்கல, சில பரம்பரை வியாதி ரெண்டு பக்கமும் சேர்ந்து வந்தாத்தான் வெளிய தெரியும்.

7. வயசும் வீட்டுல இருக்குற பொருளும்

6 மாசத்துலேர்ந்து 6 வயசுக்குள்ள பிள்ளை, கேட்டது கிடைக்கலைன்னு வீரிட்டு அழுது அழுது மூச்சை அடக்கி, நீலம் பாஞ்சு துவண்டு விழுதுன்னா அது மூச்சடக்குற வகை. திடீர்னு அடிபட்டு சத்தமே வராம வெளுத்துப் போயி விழுறதும் இதுல ஒரு ரகம். பாக்க உயிர் போற மாதிரி இருக்கும், அதுவா மூச்சு வந்துரும், வயசு ஏற ஏற நின்னுடும். ஆனா இரும்புச்சத்து குறைவு இதோட சேர்ந்து இருக்குறது ஜாஸ்தி, அதனால ரத்தம் டெஸ்ட் பண்ணி டாக்டர் சொன்னா அயர்ன் சிரப் கொடுக்கணும், இரும்புச்சத்து குறைவா இருக்குற பிள்ளைக்கு இந்த மூச்சடக்குறது நல்லாவே குறையும். முதல் தடவை வந்தா இசிஜியும் பாத்துருங்க.

நடக்க ஆரம்பிச்ச குழந்தை திடீர்னு துவண்டா, எதையாவது முழுங்கியிருக்கலாம், தாத்தாவோட பிபி மாத்திரை, சுகர் மாத்திரை டப்பால எத்தனை குறையுதுன்னு எண்ணுங்க. தோட்டத்துல மஞ்சள் அரளி இருக்கான்னு பாருங்க, அந்த விதை இதயத் துடிப்பையே தடுக்கும். சந்தேகம் வந்தா காத்திருக்காம டப்பாவையோ விதையையோ கையோட எடுத்துட்டு ஓடுங்க.

பெரிய பொண்ணுங்கன்னா மாதவிடாய்ல ரத்தம் ஜாஸ்தி போகுதா, கர்ப்பமா இருக்க வாய்ப்பு உண்டான்னு டாக்டர் தனியா கேப்பாங்க. கோபப்படாதீங்க, கேக்கலைன்னாத்தான் தப்பு.

8. செக்கப் ரூம்ல: படுக்க வச்சு பிபி, நிக்க வச்சு பிபி

உக்கார வச்சு ஒரு தடவை பிபி பாத்துட்டு "லோ பிபி"ன்னு எழுதுறது ஒரு டயக்னசிஸே இல்ல. பிள்ளைங்களுக்கு பிபி பெரியவங்களை விட குறைவாத்தான் இருக்கும், மேல் அளவு 90 இருந்தாலும் நார்மலா இருக்கலாம். கையை சுத்துற பட்டையும் அந்த கை அளவுக்கு இருக்கணும், பெரியவங்க பட்டையை சின்னக் கையில கட்டினா குறைச்சு காட்டும்.

சரியான முறை இதுதான். அஞ்சு நிமிஷம் பேச்சு கொடுக்காம படுக்க வச்சு பிபி, நாடி. அப்புறம் நிக்க வச்சு 1 நிமிஷத்துல, 3 நிமிஷத்துல மறுபடி. மேல் அளவு 20ஓ, கீழ் அளவு 10ஓ இறங்கினா, நிக்கும்போது பிபி இறங்குற வகை. பெரிய பிள்ளைன்னா 10 நிமிஷம் வரைக்கும் நிக்க வச்சு நாடியை எண்ணணும், 12லேர்ந்து 19 வயசுல பிபி இறங்காம நாடி மட்டும் படுத்திருந்தப்போ இருந்ததை விட 40க்கு மேல கூடி, மாசக்கணக்கா நின்னாலே தள்ளாட்டமும் படபடப்பும் இருக்குன்னா அது தனி வியாதி. காய்ச்சல், வயித்துப்போக்கு இருக்குற நாள்ல பாத்தா எல்லாருக்கும் ஏறும், அதை நம்பாதீங்க. நிக்கும்போது பக்கத்துல ஆள் நிக்கணும், நான் புதுசுல ஒரு பிள்ளையை தனியா நிக்க விட்டு மெஷினை பாத்துட்டு இருந்தேன், பிள்ளை என் கால்லயே விழுந்துச்சு.

ஸ்டெத்தையும் படுக்க வச்சு ஒரு தடவை, நிக்க வச்சு ஒரு தடவை வைக்கணும். தசை தடிச்ச இதயத்தோட இரைச்சல் நின்னா சத்தம் கூடும்.

9. இசிஜி எல்லாருக்கும், ஒரு தடவையாவது

கதை எவ்ளோ சாதாரணமா இருந்தாலும் 12 லீட் இசிஜி (பன்னிரண்டு கோணத்துலேர்ந்து இதயத்தோட மின்சாரத்தை பதிவு பண்றது) ஒண்ணு எடுத்துருங்க. 2017ல வந்த அமெரிக்க இதய சங்கங்களோட வழிகாட்டுதலும் பிள்ளைங்களுக்கு இதையேதான் சொல்லுது: விவரமான கதை, உடம்பு பரிசோதனை, குடும்ப வரலாறு, இசிஜி. விலை கம்மி, வலி கிடையாது, அஞ்சு நிமிஷ வேலை. காய்ச்சல் இல்லாம முதல் தடவை "வலிப்பு" வந்த பிள்ளைக்கும் இது வேணும், ஏன்னா நீள க்யூடி பிள்ளைங்க வலிப்புன்னு பேர் வாங்கி வருஷக்கணக்கா தப்பான மாத்திரை சாப்பிட்டது உண்டு.

மெஷின் பேப்பர் மேல அச்சடிக்கிற வார்த்தையை பாத்து பதறாதீங்க, நிம்மதியும் ஆகாதீங்க. சின்னப் பிள்ளைக்கு வலது பக்க மார்பு லீட்ல டி அலை (ஒவ்வொரு துடிப்போட கடைசியில வர்ற மேடு) தலைகீழா இருக்குறது நார்மல், மெஷின் அதை கோளாறுன்னு அடிச்சுடும். க்யூடியை, அதாவது ஒரு துடிப்புக்கு இதயத்தோட கீழறைகள்ல மின்சாரம் பாய ஆரம்பிச்சு அடங்குற வரைக்கும் ஆகுற நேரத்தை, கையாலதான் அளக்கணும். பேப்பர்ல ஒரு சின்னக் கட்டம் 0.04 செகண்ட். ரெண்டு துடிப்புக்கு நடுவுல 16 கட்டம்னா 0.64 செகண்ட், அதோட வர்க்கமூலம் 0.8. க்யூடி 9 கட்டம்னா 0.36. துடிப்போட வேகத்துக்கு ஏத்த மாதிரி சரி பண்ண 0.36ஐ 0.8ஆல வகுத்தா 0.45 செகண்ட், அதாவது 450 மில்லிசெகண்ட். 460ஐ தாண்டினா மறுபடி எடுத்து பிள்ளைங்க இதய டாக்டர்கிட்ட காட்டணும். சில வாந்தி மருந்தும் சில ஆன்டிபயாடிக்கும் க்யூடியை நீட்டும், அந்த வாரம் என்ன மருந்து கொடுத்தீங்கன்னு சொல்லுங்க.

10. மத்த டெஸ்ட், காரணம் இருந்தா மட்டும்

எக்கோ (இதயத்தை அல்ட்ராசவுண்ட்ல பாக்குறது), 6வதுல சொன்ன அடையாளமோ இதய இரைச்சலோ இசிஜி கோளாறோ இருந்தா. ஓடும்போது விழுந்தவனுக்கு டிரெட்மில் டெஸ்ட் (ஓட வச்சு இசிஜி பாக்குறது), அதுவும் எக்கோ பாத்த பிறகு. அடிக்கடி படபடப்புன்னா ஹோல்டர் (உடம்புல மாட்டி நாள் முழுக்க இசிஜி பதிவு பண்றது), மாசத்துக்கு ஒரு தடவை மயங்குறவளுக்கு 24 மணி நேர ஹோல்டர்ல ஒண்ணும் சிக்காது. ஹீமோகுளோபின் பாக்கலாம், ஆனா அது 10 இருந்தா "அதான் காரணம்"னு ஃபைலை மூடாதீங்க, ரத்தசோகை மயக்கத்துக்கு துணை போகும், தனியா விழ வைக்கிறது அபூர்வம். சுகர் டெஸ்ட், பிள்ளை விழுந்த உடனே பாத்தாத்தான் அர்த்தம், குளுக்கோஸ் கொடுக்காமலே ஒரு நிமிஷத்துல தெளிஞ்ச பிள்ளைக்கு சுகர் இறங்கி இருந்திருக்க வாய்ப்பு கம்மி. சிடி, இஇஜி (மூளையோட மின்சாரத்தை பதிவு பண்றது) சாதாரண மயக்கத்துக்கு வேண்டவே வேண்டாம். விழுந்து தலையில பலமா அடிபட்டா, ஒரு பக்கம் கை கால் வரலைன்னா, வலிப்புன்னே தோணினா, அப்போ வேணும்.

சாய்வுப் படுக்கை டெஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு, கட்டி வச்சு 60, 70 டிகிரிக்கு நிமித்துவாங்க. கதை தெளிவா இருந்தா தேவையில்ல.

11. "சாதாரண மயக்கம்தான்"னு சொன்ன பிறகு

மாத்திரை பெரும்பாலும் கிடையாது, தண்ணிதான். பெரிய பிள்ளைக்கு நாளைக்கு 2 லிட்டராவது, மூத்திரம் வெளிர் நிறத்துல போகணும். பொண்ணுங்க ஏன் குடிக்க மாட்டேங்கிறாங்கன்னு கேட்டா பதில் ஒண்ணுதான், ஸ்கூல் பாத்ரூம். காலையில மூடின பாட்டில் சாயங்காலம் அப்படியே வீட்டுக்கு வருது. அதை சரி பண்ணாம "தண்ணி குடி"ன்னு சொல்றதுல பிரயோஜனம் இல்ல, ஹெச்எம்கிட்ட போய் பேசுங்க. காலை சாப்பாடும் அதே கதை, அரசு காலை உணவுத் திட்டம் ஆரம்பப் பள்ளியோட நின்னுடுது, பிரேயர்ல விழுறதெல்லாம் எட்டாவது ஒன்பதாவது பிள்ளைங்க. உப்பு போட்ட மோர், நீராகாரம் நல்லது, கிட்னி பிரச்சனையோ பிபியோ இருந்தா மட்டும் கேட்டுட்டு.

கண்ணு இருட்டுற அந்த சில செகண்டுல என்ன பண்ணணும்னு பிள்ளைக்கு வீட்டுலயே பழக்கி வைங்க. காலை பின்னிக்கிட்டு தொடையையும் பின்பக்கத்தையும் இறுக்கணும், கை ரெண்டையும் கோத்து எதிரெதிரா இழுக்கணும், அப்பவும் இருட்டினா வெக்கப்படாம குத்த வச்சு உக்காரணும். பிடி சார்கிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க, உக்காந்த பிள்ளையை "எந்திரி"ன்னு அதட்டினா இவ்ளோ பாடும் வீண்.

மறுபடி விழுந்தா, அதுலயும் ஓடும்போதோ முன்னறிவிப்பு இல்லாமலோ விழுந்தா, போன தடவை நார்மல்னு சொன்னதை கணக்குல எடுக்காதீங்க, 4வதுலேர்ந்து ஆரம்பிச்சு புது இசிஜி எடுக்கணும். பழைய இசிஜியும் வேணும் ஒப்பிட்டு பாக்க, அந்த பேப்பர் வெளிச்சத்துலயும் சூட்டுலயும் மங்கி வெள்ளையா போயிரும், லேமினேஷன் பண்ணா முழுசா கறுத்துரும், அதனால எடுத்த அன்னைக்கே போன்ல தெளிவா ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.